அப்பா சட்டைப் பையில் ஒரு ஸ்கோர்!

உங்க அப்பாவோட பி.பி. எவ்வளவுன்னு தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்? எனக்கும் தெரியாது, பொங்கல் லீவுக்கு பாப்பிரெட்டிப்பட்டி போய், அவர் சட்டைப் பையில் அந்தச் சீட்டைப் பார்க்கிற வரைக்கும்!

162/98, 128/82, 158/96. மூணு மாச ஸ்கோர். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாஸான எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம்தான் படிச்சேன். மேல் நம்பர், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழ் நம்பர், இதயம் தளரும்போது உள்ளது. 120 மில்லிமீட்டர் பாதரசம்னா, தண்ணியைச் சுமார் 1.6 மீட்டர் உயரத்துக்கு ஏத்துற அழுத்தம்!

120/80-க்குக் கீழே நார்மல். வேற வேற நாள்ல பார்த்தும் 140/90-ஐத் தொட்டா உயர் ரத்த அழுத்தம். டீ குடிச்சதுமே பார்க்கக் கூடாது. அஞ்சு நிமிஷம் அமைதியா உட்காரணும், கை இதய மட்டத்தில் இருக்கணும்.

சரி, நடுவுல மட்டும் எப்படி 128?

"மாத்திரை போட்டேன், சரியாப்போச்சு, நிறுத்திட்டேன். தலைகூட சுத்தலை கண்ணு!"

அங்கேதான் தப்பு. பி.பி. பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. சத்தமில்லாம மூளை, இதயம், கிட்னியைப் பதம் பார்க்கும். அந்த 128, மாத்திரை வாங்கிக்கொடுத்த மார்க். டாக்டர் சொல்லாம நிறுத்தினா அரியர்தான்!

வீடு தேடி வந்து பி.பி. பார்த்து மாத்திரை தர்ற 'மக்களைத் தேடி மருத்துவம்', 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கினது எங்க பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துலதான். மாத்திரை வாசலுக்கு வந்துடும். முழுங்க வைக்கிறது நம்ம வேலை.

இப்போ தினமும் ராத்திரி ஹாஸ்டல்ல இருந்து போன் பண்றேன். "சாப்டீங்களா?"ன்னு கேட்டா, அப்பாவே சொல்றார்: "மாத்திரையும் சாப்பிட்டேன்!"

நீங்களும் இன்னிக்கு ஒரு போன் போடுங்களேன்!