மன்னார் இல்லை என்றது கணினி

பத்திரிகையில் வெளியான எனது செய்திகளுக்கு ஊர்ப்பெயர் வாரியாக ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன். முன்னர் அட்டைகளில் இருந்தது. ஓய்வுபெற்ற பின்னர், அட்டைகள் இருந்த அகராதி ஒழுங்கு மாறாமல், வரிக்கொரு செய்தியாகக் கணினியில் பதிந்துகொண்டேன். ஏறத்தாழ 16,000 வரிகள்.

அதில் தேடுவதற்கு நண்பரொருவர் லினக்ஸில் உள்ள ‘லுக்’ என்னும் கட்டளையைக் காட்டித்தந்தார். 1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இடம்பெற்ற கருவி அது. ஒரு சொல்லின் தொடக்கத்தைக் கொடுத்தால், அவ்வாறு தொடங்கும் வரிகளைக் காட்டும். கோப்பு முழுவதையும் அது வாசிப்பதில்லை. நடுவில் ஒரு வரியைப் பார்த்து, தேடுவது மேலேயா கீழேயா எனத் தீர்மானித்து, மற்றைய பாதியைத் தள்ளிவிடும். எனது கோப்புக்கு ஏறத்தாழ 14 ஒப்பீடுகள் போதும்.

சில மாதங்களுக்கு முன் கனடாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். 1990இல் மன்னாரிலிருந்து படகேறிய அவரது தமையனார் கரைசேரவில்லை. “ஐயா, அதைப்பற்றி நீங்கள் ஏதும் எழுதினீங்களா?”

‘மன்னார்’ என்று கொடுத்துத் தேடினேன். ஒரு வரியும் வரவில்லை. பிழை என்ற அறிவித்தலும் இல்லை. “இல்லை” என்று பதில் எழுதிவிட்டேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மன்னாரைப் பற்றி ஒரு செய்திகூடவா நான் எழுதவில்லை? எழுந்து, எல்லா வரிகளையும் வாசித்துத் தேடும் ‘கிரெப்’ கட்டளையை இட்டேன். மன்னார் வரிகள் திரையை நிறைத்தன. அந்தப் படகும் அவற்றுள் இருந்தது.

காரணம் பின்னரே விளங்கியது. நமது நெடுங்கணக்கில் னகரம் கடைசி எழுத்து. யுனிகோட்டிலோ, இந்திய மொழிகளுக்கான பழைய குறியீட்டு ஒழுங்கைப் பின்பற்றி, அது நகரத்தை அடுத்து நிற்கிறது. ஆகவே எனது கோப்பில் மல்லாகத்துக்குப் பின்னால் இருந்த மன்னாரை, அக்கருவி மல்லாகத்துக்கு முன்னால் தேடியிருக்கிறது. குறியீட்டு ஒழுங்கில் கோப்பை மறுபடி அடுக்கிய பின்னர் சரியாகவே காட்டுகிறது.

பழைய நறுக்கைப் படமெடுத்து, மன்னிப்புக் கோரி அச்சகோதரிக்கு அனுப்பினேன். எட்டே வரிச் செய்தி. தமையனாரின் பெயர் அதில் இருந்தது. அச்சில் அந்தப் பெயரைத் தாம் கண்டது அதுவே முதற்தடவை என்று அவர் எழுதியிருந்தார்.

தேடிக் காணாததை ‘இல்லை’ என்று எழுதக்கூடாது என இளம் செய்தியாளர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதை நானே மறந்தேன்.