படத்தின் முதுகு

பழைய படம் ஃப்ரேம் மாற்ற வந்தால், நான் முதலில் அதைத் துணி விரித்த மேசையில் குப்புறக் கவிழ்த்து வைப்பேன். முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள், பாதுகாப்பார்கள். பின்பக்கத்தைப் பார்க்கிற ஆள் ஃப்ரேம் போடுகிறவன் மட்டும்தான்.

அந்தப் பின்பக்கம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் இடத்தைச் சொல்கிறேன். சென்னையை ஒட்டி, ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது சோழமண்டலம் ஓவியர் கிராமம். கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த கலைஞர்களும் 1966இல் தொடங்கியது. பாட்டிக் துணியும் மற்ற கைவேலைகளும் விற்ற பணத்தில் அவர்களே வாங்கிய நிலம் அது. 2009இல் அங்கே திறந்த கலைமையத்தில், சென்னைக் கலை இயக்கத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். இப்படிக் கலைஞர்கள் கூடி வாழ்ந்த இடங்களில் படங்கள் ரசீதுக்குக் காத்திருப்பதில்லை. நண்பருக்குக் கொடுத்தது, கண்காட்சிக்குப் போய்த் திரும்பியது, விலை போட்டு விற்காமல் வந்தது என்று பல கை மாறும். அந்தக் கதைக்குச் சாட்சி பல நேரம் பின்னட்டையில் ஒட்டிய ஒரு சீட்டும் ஓவியரின் கையெழுத்தும்தான்.

சிக்கல் என்னவென்றால், பின்னட்டையை எடுத்தே ஆக வேண்டும். அந்தக் காலத்து ஹார்ட்போர்டில் அமிலம் அதிகம். காகித ஓவியம் என்றால் மெல்லப் பழுப்பேற்றி, தொட்டால் நொறுங்கும்படி ஆக்கிவிடும். சீட்டைத் தண்ணீர் தொட்டு உரிக்கலாம் என்று யாராவது சொன்னால் பதறுவேன். பேனா மை கரைந்து ஓடிவிடும். முதலில் புகைப்படம். பிறகு சீட்டு இருக்கும் பகுதியை அட்டையோடு சேர்த்தே அறுத்தெடுத்து, பாலியெஸ்டர் உறைக்குள் போட்டு, அமிலமில்லாத புது அட்டையின் வெளிப்புறத்தில் பொருத்துவேன். மேலே பழுப்புத்தாள் ஒட்டி மறைத்தால் பார்க்கச் சுத்தமாக இருக்கும்தான், நான் ஒட்டுவதில்லை.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை. ஐப்பசி மழையில் சுவர் ஈரம் குடிக்கும், பூஞ்சை பின்பக்கத்திலிருந்துதான் ஏறும். ஃப்ரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டிவிட்டால் காற்றுப் போக இடம் கிடைக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நேராகப் பார்க்கையில் தெரியாத பூஞ்சையின் வெண்படலம் பளிச்சென்று தெரியும்.

பாட்டிக் தனி ஜாதி. துணியில் இடும் மெழுகு, நூலை ஊடுருவி மறுபக்கம் வரை இறங்கினால்தான் சாயத்தைத் தடுக்கும். அதனால் நல்ல பாட்டிக்கைத் திருப்பினாலும் ஏறக்குறைய அதே படம் இருக்கும். நிலம் வாங்கித் தந்த அந்தத் துணிகளை ஓவியங்களுக்குச் சமமாக, இரண்டு பக்கமும் தெரியும்படி தொங்கவிட வேண்டும் என்பது என் ஆசை. விற்பனைக்குச் செய்தது என்று ஒதுக்குவது நியாயமில்லை.

வேலை முடிந்ததும் புது அட்டையில் தேதியையும் எதை மாற்றினேன் என்பதையும் எழுதிவைக்கிறேன், பென்சிலில்.