நான் வாங்கிய பழைய வண்டி

(இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதியது)

பழைய வண்டி வாங்குகிறவன் பாதி மெக்கானிக் ஆகிவிடுவான் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். நான் பாதி மெக்கானிக் ஆனதோடு கால் பங்கு வக்கீலாகவும் ஆனேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த ஆண்டு மலரில் சில பக்கங்களைப் பிடித்துக்கொள்கிறேன். மாணவ நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் பொறுத்தருள வேண்டும்.

பிளஸ் டூ முடித்த கோடையிலும் முதலாண்டு விடுமுறையிலும் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். பஞ்சுத் தூசியைத் தின்று சேர்த்த பணம் முப்பத்து நான்காயிரம் ரூபாய். அதில் ஒரு நல்ல மொபெட்டுக்கு முன்பணம் கட்டலாம் என்றார் என் தந்தையார். எனக்கோ கண்ணெல்லாம் ஒரே வண்டியின் மேல். அதுதான் யமஹா ஆர்.எக்ஸ். 100.

அந்த வண்டியை அறியாதார் நம் கல்லூரியில் இரார். எனினும் அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980களின் நடுவில் ஜப்பானிய 100 சி.சி. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நம் நாட்டுச் சாலைகளில் இறங்கின. 1984இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. அதே ஆண்டில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஆர்.எக்ஸ். 100 வண்டியைக் கொண்டு வந்தது. 98 சி.சி. எஞ்சின், 11 குதிரைத்திறன், ஏறத்தாழ நூறு கிலோ எடை, நான்கு கியர்கள். எண்களைப் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. ஆக்சிலேட்டரைத் திருகியவனுக்குத்தான் தெரியும். இன்றைக்குப் பேரொலியோடு வரும் பந்தய வண்டிகள் இல்லாத காலத்தில், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு எட்டிய பந்தய வண்டி அதுதான். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகத் தொடங்கிய 1996ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றது. அதனால் இன்று ஆர்.எக்ஸ். 100 வேண்டுமென்றால் பழையதைத்தான் வாங்க வேண்டும்.

நிலக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவரிடம் 1994ஆம் ஆண்டு வண்டி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். ஒரே உதையில் கிளம்பியது. அந்த ஒலியில் மயங்கி, கேட்க வேண்டிய கேள்விகள் அனைத்தையும் மறந்தேன். ஆர்.சி. புத்தகத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. "எங்க மாமாதான். பேர் மாத்துறது ரெண்டு நாள் வேலை, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். சரி என்று முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, அப்பா பட்டறையில் பூட்டு ஒன்றை அரத்தால் ராவிக் கொண்டிருந்தார். நாங்கள் நல்லாம்பட்டிக்காரர்கள், தாத்தா காலத்திலிருந்து பூட்டுத் தொழில். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வெளியூர்களிலிருந்து மலிவான இயந்திரப் பூட்டுகள் வந்து குவிந்தபின், கையால் பூட்டுச் செய்யும் குடும்பங்கள் குறைந்துகொண்டே போகின்றன. அப்பா வண்டியை நிமிர்ந்து பார்த்தார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு பாத்தியா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதுதான் கேள்வி என்று பன்னிரண்டாம் நாள் தெரிந்தது.

அன்று செம்பட்டியைத் தாண்டி வத்தலக்குண்டு சாலையில் போய்க்கொண்டிருந்தேன். எஞ்சின் ஒலி திடீரென்று கம்மி, பின்சக்கரம் தேய்த்துக்கொண்டு நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். கிக்கரை மிதித்தால் இறங்கவே இல்லை. பிஸ்டன் பிடித்துக் கொண்டது.

இங்கே கொஞ்சம் இயற்பியல் சொல்ல அனுமதி வேண்டும். இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. இதில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. சிறிய வண்டிக்கு அவ்வளவு துள்ளல் வருவதன் காரணம் அதுவே. ஆனால் நான்கு வீச்சு எஞ்சினைப் போல எண்ணெய் அடியில் தேங்கி நின்று உயவு தருவதில்லை. பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே சென்று, உயவு தந்து, தானும் எரிந்து நீலப் புகையாக வெளியேறுகிறது. எண்ணெய் போகாவிட்டால் அலுமினியப் பிஸ்டன் சூட்டில் விரிந்து, சிலிண்டர்ச் சுவரைக் கவ்விக்கொள்ளும்.

என் வண்டியின் எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய் இருந்தது. பன்னிரண்டு நாளும் அளவு குறையவே இல்லை. "எவ்வளவு சிக்கனமான வண்டி!" என்று நண்பர்களிடம் பெருமையடித்தேன். பேகம்பூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாய் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, ஆயில் பம்ப்பை யாரோ எப்பவோ கழட்டி அடைச்சிட்டாங்க. பெட்ரோல்ல கலந்துதான் ஓட்டியிருக்காங்க. நீங்க வெறும் பெட்ரோல் போட்டு ஓட்டியிருக்கீங்க" என்றார். விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சிலிண்டரை லேத்துக்குக் கொண்டுபோய் போர் போட்டோம். இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரமும் 50. தேய்ந்த சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். புதிய ஆயில் பம்ப்பும் வாங்கினேன். டியூஷன் எடுத்துச் சேர்த்ததெல்லாம் கரைந்தது. உடைந்த பிஸ்டனை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது, அப்பா அதை விரலால் தடவிப் பார்த்தார். பூட்டின் லீவரில் ஒரு மயிரிழை கூடினால் சாவி திரும்பாது, குறைந்தால் கள்ளச்சாவி திறந்துவிடும் என்று அடிக்கடி சொல்வார். "இதுவும் நம்ம தொழில் மாதிரிதான்டா" என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையின் ஒரு மூலை எனக்கு ஒதுக்கப்பட்டது.

அந்த மூலையில்தான் வண்டியை அறிந்தேன். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்து எஞ்சினின் நலம் அறிவது எனக்கு விளங்கிற்று: காப்பிப் பொடி நிறமென்றால் நலம், கரியாக ஈரமாக இருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ மிகுதி, வெளுத்திருந்தால் ஆபத்து. காற்று வடிகட்டியைக் கழுவுவது, கார்புரேட்டர் ஜெட்டை ஊதுவது, சங்கிலித் தொய்வைச் சரிசெய்வது, சைலன்சருக்குள்ளிருக்கும் குழாயை உருவிக் கார்பன் எடுப்பது எல்லாம் கற்றேன். இந்த எஞ்சினின் உள்வாயிலில் ரீட் வால்வு என்று மெல்லிய நாக்குகள் உண்டு. உறிஞ்சும்போது திறந்து, திரும்பித் தள்ளும்போது மூடிக்கொள்ளும். 1887இல் தோரகுசு யமஹா என்பவர் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆர்மோனியம் போன்ற ரீட் ஆர்கனைப் பழுது பார்த்ததிலிருந்து தொடங்கியதுதான் அந்த நிறுவனம். மோட்டார் சைக்கிளுக்கென்று 1955இல் தனி நிறுவனம் கண்டார்கள். பெட்ரோல் டாங்கில் இருக்கும் சின்னம் மூன்று இசைக்கவைகள். நம் ஆய்வகத்தில் அதிர்வெண் கண்டுபிடிக்கத் தட்டுகிறோமே, அதே கவைதான்! பழுது பார்த்தலில் பிறந்த வண்டியைப் பழுது பார்ப்பதில் என்ன கேவலம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஆனால் பெரிய பழுது எஞ்சினில் இல்லை; தாளில் இருந்தது. ஒருநாள் வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். அந்த நாளில் சங்கிலி பறிப்பவர்கள் விரும்பிய வண்டி என்ற கெட்ட பெயரும் ஆர்.எக்ஸ். 100க்கு உண்டல்லவா! காவலர் கைப்பேசியில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதோட பதிவு 2019லயே முடிஞ்சிருச்சு. பேரும் உங்க பேரு இல்ல" என்றார். பதிவு பதினைந்து ஆண்டுக்குத்தான். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அபராதம் கட்டினேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தேன். பெயர் மாற்ற, விற்பவரும் வாங்குபவரும் 29, 30 எண் படிவங்களில் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். ஆர்.சி.யில் உள்ளவரைத் தேடினேன். அவர் 2021இல் இறந்துவிட்டார்.

இறந்தவர் கையெழுத்திட முடியுமோ? முதலில் வாரிசின் பெயருக்கு 31ஆம் படிவத்தில் மாற்றி, அதன்பின்தான் எனக்கு மாற்ற முடியும். வாரிசு யார்? அவர் மனைவி. அவர் நிலக்கோட்டையை அடுத்த ஒரு சிற்றூரில் மல்லிகைத் தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறிக்கிறார் என்று தெரிந்தது.

அப்பாவும் நானும் பேருந்தில் போனோம். அந்த அம்மாள் திண்ணையில் அமர்ந்திருந்தார். வந்த காரியத்தைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வண்டி ஓடுதா? பழைய இரும்புக்குப் போட்டேன்னு சொல்லி அண்ணன் மவன் அஞ்சாயிரம் குடுத்தான்" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. வாங்கியவர் முப்பத்து நான்காயிரம், கொடுத்தது ஐந்தாயிரம்! "அம்மா, வாங்க, இப்பவே போய்க் கேப்போம்" என்று எழுந்தேன். அந்த அம்மாள் பதறிவிட்டார். "வேணாந்தம்பி. பொண்ணைத் திருப்பூர்ல கட்டிக் குடுத்துட்டேன். ராத்திரி ஒடம்புக்கு முடியலைன்னா ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போக அவன் ஒருத்தந்தான் இருக்கான். இதைக் கேட்டா அவனும் இல்லாமப் போயிருவான். நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன், நீங்க ஓட்டுங்க" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பா எழவில்லை. "தாயி, வண்டி உங்களோடது. என் மவன் தப்பான எடத்துல பணத்தைக் குடுத்துட்டான். மாசம் ஆயிரமாப் பத்து மாசம் உங்களுக்குத் தருவோம். சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க, இல்லேன்னா வண்டியை இங்க கொண்டாந்து விட்டுருறோம்" என்றார். அவர் வேண்டாம் என்று மறுத்தார், அப்பா விடவில்லை.

திரும்பும் பேருந்தில் நான் வெடித்தேன். "நாம முழு வெலை குடுத்தாச்சுப்பா. ஏமாத்துனது அவன். நாம ஏன் ரெண்டாந்தடவை அழணும்?"

அப்பா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "எத்தனையோ பேரு தொலைஞ்ச சாவிக்கு மாத்துச் சாவி செய்யச் சொல்லி நம்ம பட்டறைக்கு வாராங்க. பூட்டு யாருதுன்னு கேக்காம நான் ஒரு சாவி செஞ்சதில்லை. சாவி கையில இருக்கறதால பூட்டு நம்மதாயிடாதுடா."

அதன்பின் நான் பேசவில்லை.

வாரிசுச் சான்றிதழ், மகளின் சம்மதக் கடிதம், தாமத அபராதம், பசுமை வரி, காப்பீடு, ஆய்வாளர் பார்வை என்று ஐந்து மாதங்கள் ஓடின. அதுவரை வண்டி பட்டறை மூலையில் நின்றது. ஆய்வுக்குக்கூட வாடகை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோனோம். மாதம் பிறந்தால் டியூஷன் பணத்தில் ஆயிரத்தை எடுத்துக்கொண்டு பேருந்தில் போவேன். முதல் இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் மாதம் அந்த அம்மாள் சாப்பிடாமல் போகக்கூடாது என்றார். அதன்பின் மாதம் ஒருநாள் அங்கேதான் சாப்பாடு.

என் பெயரில் ஆர்.சி. வந்த பிறகு, ஆறாம் மாதம் வண்டியிலேயே போனேன். தெரு முனையில் திரும்பும்போதே அவர் வாசலுக்கு வந்துவிட்டார். கண்கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சத்தம் மாறியிருக்கே, என்ன பண்ணுனே?" என்றார். போர் போட்டதையும் கார்பன் எடுத்ததையும் சொன்னேன். "அவரும் பொங்கலுக்குப் பொங்கல் இந்தத் திண்ணையிலதான் அதைக் கழட்டிப் போட்டு எரிப்பாரு. புகையில வீட்டுக்குள்ள இருக்க முடியாது" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய பால் டின்னைக் கொண்டு வந்தார். அதில் பிளக் சாவி ஒன்றும், எண்ணெய்த் துணியில் சுற்றிய இரண்டு பிளக்குகளும் இருந்தன. "இது வண்டியோட சேந்தது" என்று என் கையில் கொடுத்தார்.

பழைய வண்டி வாங்க எண்ணும் நண்பர்களே! சூடேறாத எஞ்சினை நீங்களே உதைத்துக் கிளப்பிப் பாருங்கள். சூடான எஞ்சின் எல்லாக் குறையையும் மறைக்கும். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எண்ணெய் எங்கே, எப்படிப் போகிறது என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் பார்த்துப் பேசிவிட்டுப் பணத்தை எடுங்கள். ஹெல்மெட் போட மறவாதீர்கள்.

சென்ற மாதம் பத்தாவது ஆயிரத்தைக் கொடுத்துவிட்டேன். கணக்குப் பார்த்தால் என் வண்டியின் விலையில் ஒரு புது வண்டியே வாங்கியிருக்கலாம் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். வரும் பொங்கலுக்குச் சைலன்சரைக் கழற்ற வேண்டும். அதை எங்கள் பட்டறையில் செய்வதா, அந்தத் திண்ணையில் செய்வதா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவைக் கேட்டேன். "திண்ணையிலேயே செய். நானும் வாரேன்" என்றார். இதுவரை அவர் அந்த வண்டியில் ஏறியதில்லை.