தார் முடிகிற இடம்

ராயபுரத்தில் மேடு என்றால் மேம்பாலம்தான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை சைக்கிள் மிதித்தாலும் கடல் மட்டத்தை விட்டுப் பெரிதாக உயர மாட்டோம். ஆனால் கரடுமுரடான ரோடு எங்களுக்குப் புதிதில்லை. கன்டெய்னர் லாரிகள் அரைத்துப்போட்ட ஓரம், மணல் ஏறிய தார், மழை பெய்தால் ஆழம் தெரியாத பள்ளம் என்று எல்லாவற்றிலும் ஓட்டித்தான் இங்கே பலர் வேலைக்குப் போய் வருகிறார்கள். பள்ளமும் கடற்காற்றும் கால்களுக்குத் தெரியும். உயரம்தான் தெரியாது. அதனால் ஜவ்வாது மலைக்குத் திட்டம் போட உட்காரும்போது நான் உயரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பாதை இது: ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், பிறகு அமிர்தி வழியாக வேலூர், காட்பாடி. போகும்போது ஜோலார்பேட்டை வரை ரயில், திரும்பும்போது காட்பாடியில் ரயில். சைக்கிளை லக்கேஜ் வேனில் ஏற்றி இறக்க நேரம் வேண்டும் என்பதால், வாணியம்பாடியை விட்டுப் பெரிய ஜங்ஷனைத் தேர்ந்தெடுத்தேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத்தான் போனது. பிற்பாடு காட்பாடி, ஜோலார்பேட்டை என்று நீண்டதும் அதே தடம்தான். மலைக்குப் போகும் வழியை எங்கள் ஊர் அன்றைக்கே திறந்துவிட்டது என்று நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது.

வாணியம்பாடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 360 மீட்டர். காவலூர் 725 மீட்டர். வித்தியாசம் கொஞ்சம்தான் என்று தோன்றும். ஆனால் மலைப்பாதை ஏற்றிவிட்டதை இறக்கி, மறுபடியும் ஏற்றும். நாள் முழுவதுக்கும் மொத்த ஏற்றம் 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். ஆள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 85 கிலோ. புவியீர்ப்பை எதிர்த்து மட்டும் 100 வாட் சக்தியைத் தொடர்ந்து கொடுக்க முடிந்தால், அந்த 1000 மீட்டருக்கு இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். டயரின் உராய்வும் வெயிலும் ஓய்வும் இதற்கு மேல். சமதளத்தில் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் மலையில் கிலோமீட்டரை எண்ணக் கூடாது, மணியை எண்ண வேண்டும். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று கியர் வைத்திருக்கிறேன். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரமும் ஒரே சுற்று. மெதுவாகப் போகும், முட்டி தாங்கும்.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வு நிலையம் இருக்கிறது. 1977இல் யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்டபோது அந்த நிகழ்வை இங்கிருந்தும் பதிவு செய்தார்கள். 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. நகரத்து வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடித்தான் இந்த இடத்துக்கு வந்தார்கள். அந்த இருட்டு சைக்கிள்காரருக்கு ஆகாது. ஆகவே தார் ரோட்டு ஏற்றம் அதிகாலையில், கரடுமுரடான இறக்கம் வெயில் சாய்வதற்குள். ஜமுனாமரத்தூரை மதியத்துக்குள் தொடவில்லை என்றால் அமிர்தி வேண்டாம், பஸ் ஓடும் ரோட்டில் போளூருக்கு இறங்கிவிட வேண்டும். இதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். களைத்த பிறகு யோசித்தால் ஆசைதான் ஜெயிக்கும்.

உயரம் கணக்கில் வரும். ரோட்டின் தரம் வராது. செயற்கைக்கோள் படத்தில் செம்மண்ணும் ஜல்லியும் ஒரே கோடுதான். மலைக்கு மளிகை ஏற்றிப்போகும் வேன் டிரைவர் ஒருவரிடம் ஒரு கிளைப்பாதையைப் பற்றிப் போனில் கேட்டேன்.

“தார் பாதி தூரம் இருக்குது தம்பி. அப்புறம் ஜல்லி. மழை பேஞ்சா செம்மண்ணு வழுக்கும், நாங்களே வண்டிய எறக்க மாட்டோம்.”

“எப்பண்ணா தார் போடுவாங்க?”

“கேட்டுக்கினேதான் இருக்கோம்.”

38 மில்லிமீட்டர் டயருக்கு ஏற்ற பாதை கிடைத்தது என்று குறித்துக்கொண்டிருந்த என் கை, அந்தப் பதிலில் நின்றது. நான் தேடிப் போகிற ஜல்லி ரோடுதான் அவர்களுக்கு ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழி. இதே மலைத்தொடரின் வேலூர்ப் பக்கம், அணைக்கட்டு அருகே அல்லேரி மலை இருக்கிறது. 2023 மே மாதம் அங்கே ஒரு குக்கிராமத்தில் பாம்பு கடித்த குழந்தையை, சரியான ரோடு இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்க்க முடியவில்லை. இறந்த குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு தாய் மலைப்பாதையில் நடந்தார்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களிடையே ஒரு ஆதங்கம் உண்டு: நல்ல மண் பாதைகளுக்கெல்லாம் தார் போட்டுவிடுகிறார்களே என்று. அந்தப் பேச்சில் இனி நான் சேர மாட்டேன். துறைமுகச் சாலை வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தபோது, ஆம்புலன்ஸ் லாரிகளுக்கு நடுவே சிக்கி நின்றதைப் பார்த்த ஊர் எங்களுடையது. ரோடு இல்லாத கஷ்டத்தை அழகு என்று சொல்ல வடசென்னைக்காரருக்கு வாய் வரக் கூடாது.

திட்டம் அப்படியே இருக்கிறது. ஜனவரியில், மண் காய்ந்த பிறகு புறப்படலாம். அந்தக் கிளைப்பாதைக்கு அதற்குள் தார் போட்டிருந்தால் சவால் ஒன்று குறையும், டயரைக்கூட மாற்ற வேண்டியிருக்கும். அப்படிக் குறைய வேண்டும் என்றுதான் மனதார விரும்புகிறேன். சவாலுக்கு மலையின் ஏற்றமே போதும்.