ஈரம் விரும்பும் கிழங்குகள்

இங்கிலாந்தில் தோட்டம் போடுகிறவர்களிடையே வசந்தகாலப் பூங்கிழங்குகளைப் பற்றி நெடுங்காலமாக ஒரு சித்தாந்தம் நிலவி வருகிறது: தண்ணீர் நிற்கும் மண் கிழங்குக்குச் சத்துரு, கோடையில் அது நன்றாகக் காய்ந்து கிடக்க வேண்டும். மத்திய ஆசியாவின் வறண்ட மலைச்சரிவுகளில் பிறந்த டியூலிப்புக்கு இது முற்றும் பொருந்தும். ஆற்றோரப் புல்வெளியைத் தாயகமாகக் கொண்ட ஃப்ரிட்டிலேரியா மெலியாகிரிஸ் என்னும் செடியையும் அதே விதிக்கு உட்படுத்துவது பெரும் அநீதி என்பது, இரண்டையும் அருகருகே வளர்த்துவரும் என் திடமான அபிப்பிராயம்.

வில்ட்ஷயரில், தேம்ஸ் நதிக்கும் சர்ன் ஆற்றுக்கும் இடையே கிடக்கும் கிரிக்லேடு ஊரின் நார்த் மெடோவில், குளிர்காலத்து வெள்ளம் ஏறி இறங்கிய அதே நிலத்தில், கருஞ்சிவப்பும் வெளிர்நிறமும் கட்டம் கட்டமாகப் படிந்த இந்தப் பூக்கள் ஏப்ரல் மாதத்தில் திரள்திரளாகத் தலைகவிழ்ந்து ஆடும் காட்சி அதிசயமானது. விதை முற்றி உதிர்ந்த பிறகே அங்கே புல் அறுக்கிறார்கள். அந்தப் பழைய வழக்கமே செடியின் வம்சத்தைக் காத்து வருகிறது. ஆயினும் வெள்ளம் வந்து வடிவது வேறு, வடியாமல் தேங்குவது வேறு. நீர் நீண்டகாலம் தேங்கிய பருவங்களுக்குப் பின் அங்கேயே பூக்கள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. வேர் ஜலத்தோடு காற்றையும் வேண்டுகிறது.

வெங்காயத்துக்கு இருப்பதுபோன்ற சருகுத் தோல் இந்தச் சிறு கிழங்குக்கு இல்லை. மேலே போர்வையற்ற சதைச் செதில்களாகையால், கடையின் காகிதப் பைக்குள் சில வாரங்கள் கிடந்தாலே அதன் ஜீவசத்து வற்றிவிடுகிறது. தோட்ட மண்ணோடு மக்கிய இலையைத் தாராளமாகவும் பருமணலைக் கொஞ்சமாகவும் கலந்து, சுமார் 10 செ.மீ. ஆழத்தில் நடுகிறேன். தொட்டியில் வளர்ப்பவர்கள், தளிர் தோன்றியது முதல் இலை பழுக்கும் வரையில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டு, பிறகு வடக்குச் சுவரின் நிழலுக்குத் தொட்டியை மாற்றி, மேலே ஒன்றும் தெரியாத அந்த மாதங்களிலும் மண் முற்றும் உலர்ந்துவிடாதபடி சிரத்தையோடு நீர் தெளித்துவர வேண்டும். உறங்கும் கிழங்கை மறப்பதனாலேயே பெரும்பாலான தொட்டிகள் மறு வசந்தத்தில் வெறுமையாக நிற்கின்றன. லில்லிச் செடிகளைத் தின்னும் சிவப்பு வண்டு இதையும் விடாது. கண்டவுடன் கையால் எடுத்துவிட வேண்டும்.

களிமண் தோட்டக்காரர்களுக்கு லூக்கோஜம் ஈஸ்டிவமும், வட அமெரிக்காவின் ஈரப் புல்வெளிகளிலிருந்து வந்த கமாசியாவும் இதைவிட எளியவை. ஃப்ரிட்டிலேரியாவையே விரும்புகிறவர்கள், தயவுசெய்து நவம்பர் மாதத்து மலிவு விற்பனைக்குக் காத்திராமல், செப்டம்பரிலேயே கெட்டியான கிழங்குகளாகப் பார்த்து வாங்கி, கைக்கு வந்த அன்றே நட்டுவிடுங்கள்.