அச்சத்தைச் சுமந்துவரும் செய்திகள்

மதத் தீவிரவாதக் குழுவொன்று வளர்வதற்கு ஆயுதத்தை விட முதலில் தேவைப்படுவது அச்சம். "எமது இனம் அழியப்போகிறது" என்ற அச்சத்தை வீடுவீடாகக் கொண்டுசெல்ல அக்குழுக்களிடம் ஆளுமில்லை, பணமுமில்லை. அந்த வேலையை ஊடகங்கள் இலவசமாகச் செய்து கொடுக்கின்றன. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பாடமாக இதைப் படித்தேன். கிழக்கில் பெண்கள் குழுக்களோடு பணிபுரியத் தொடங்கிய பின்னரே அது எமது அடுப்படிவரை வருவதைக் கண்டேன்.

இந்த அச்சம் பல வேளைகளில் பெண்ணின் கருப்பையைச் சுற்றியே பின்னப்படுகிறது. 2018 பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சிங்களவரை மலடாக்கும் மாத்திரை உணவில் கலக்கப்படுவதாக வதந்தி எழுந்தது. காசாளரை மிரட்டி "ஆம்" என்று சொல்லவைத்த காணொளி முகநூலில் பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று பின்னர் பரிசோதனையில் தெரியவந்தது. ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு மாத்திரையே கிடையாது. ஆனால் அடுத்த மாதமே திகனவில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்து, முகநூலைச் சில நாட்கள் முடக்கியது. அவ்வன்முறைக்குத் தமது தளம் பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

2019 ஏப்ரல் 21இல் நடந்த உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களில் 250இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதை நடத்திய குழுவின் தலைவரும் தமது வெறுப்புரைகளை முகநூலில் பரப்பியவரே. ஒரு பக்கத்தின் வெறுப்பு மறுபக்கத்துக்கு விளம்பரமாகிவிடுகிறது. ஒரு மாதம் சென்றதும், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாகச் சிங்கள நாளிதழொன்று முதற்பக்கத்தில் எழுதியது. குருநாகலைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் கைதானார். நூற்றுக்கணக்கான தாய்மார் முறைப்பாடு செய்தனர். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அவர் பிணையில் வந்தார், பிற்காலத்தில் பணிக்கும் திரும்பினார். முதற்பக்கத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் இந்த முடிவை அறிந்திருப்பர்? மறுபிள்ளை கிடைக்கவில்லையே என்று ஏங்கிய அந்தத் தாய்மாரின் துயரம் உண்மையானது. அதை எடுத்துத்தான் வெறுப்புக்கு எண்ணெய் வார்த்தார்கள்.

மட்டக்களப்பிலும் சீயோன் தேவாலயத்தில் குழந்தைகள் பலியானார்கள். அந்த நாட்களில் எமது சிறுசேமிப்புக் குழுவொன்றில் கைத்தொலைபேசிகள் கைமாறின. கடனுக்குப் புடவை கொண்டுவரும் முஸ்லிம் பெண்ணிடம் இனி எதுவும் வாங்குவதில்லை என்றனர் சிலர். அவளும் கணவனை இழந்து, மூன்று பிள்ளைகளை வளர்ப்பவள். போரில் மகனைப் பறிகொடுத்த மூத்த அம்மா ஒருவர் மெல்லச் சொன்னார்: "எங்கட பயத்த வச்சுத்தான்கா எல்லாரும் ஆள் சேர்த்தாங்க. இன்னும் எத்தின தரம் பயப்படுற?" எவரும் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் இருவர் மட்டும் அப்பெண்ணிடம் புடவை வாங்கினர். எனக்கு அதுவே பெரிதாகப்பட்டது.

செய்தியை மறைக்கும்படி நான் கூறவில்லை. மறைத்தால் வதந்திதான் செய்தியாகும். சொல்லும் விதமே முக்கியம். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில், பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டுக்கொன்றவன் அக்கொலைகளை முகநூலில் நேரலையாகக் காட்டினான். அவன் தேடியது புகழ். அவனது பெயரைத் தாம் உச்சரிக்கப்போவதில்லை என்றும், இறந்தவர்களின் பெயர்களையே சொல்லுங்கள் என்றும் அந்நாட்டின் அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் நாடாளுமன்றத்தில் கூறினார்.

சகோதரிகளே, பத்திரிகையை நடத்துவது நாமல்ல. ஆனால் வட்ஸ்அப்பில் வருவதை அடுத்தவருக்கு அனுப்புவது நமது விரல். இதைச் சொன்னவர் யார், கண்டவர் யார், இதனால் இலாபம் யாருக்கு என்று மூன்று கேள்விகள் கேட்போம். விடை தெரியாத செய்தி நம்மோடு நிற்கட்டும்.