மன்றாடி

கொடைக்கானல் என்றால் ஏரி, சைக்கிள், ஹோம்மேட் சாக்லேட்... அவ்வளவுதானே நமக்கு? பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் தாண்டிப் போய்ப் பாருங்கள். கவுஞ்சி வரும். பூண்டு வாசம் அடிக்கிற ஊர்.

அங்கே டீக்கடைப் பெரியவர் ஒரு வீட்டைக் காட்டி, ‘‘மன்னாடி வீடு தம்பி’’ என்றார். ‘‘மன்னாடின்னா?’’ என்றேன். ‘‘குன்னுவங்க பட்டம்ப்பா... மரியாதையான பேரு!’’

அரசாங்கத்தின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் ‘குன்னுவர் மன்னாடி’ உண்டு. எனக்குக் கல்வெட்டு ஞாபகம் வந்துவிட்டது. சோழர் கல்வெட்டுகளில் ‘மன்றாடி’ என்றால் ஆடு மேய்ப்பவர். கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகளை அவரிடம் ஒப்படைப்பார்கள். அவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆட்டுக்குப் பதில் 48 பசு என்றும் கணக்கு உண்டு. ஆடு கிழடாகலாம், சாகலாம். குட்டி வந்து இடத்தை நிரப்பும். கணக்கில் எப்போதும் 96. பெயரே ‘சாவா மூவாப் பேராடு’! பி.காமில் தேய்மானக் கணக்குப் போட்டே தேய்ந்தவன் நான். தேய்மானமே இல்லாத சொத்தை இங்கேதான் பார்த்தேன்.

‘மன்று’ என்றால் மாட்டுத் தொழுவம் என்றும் ஒரு பொருள். குன்று ‘குன்னு’ ஆகும்போது, மன்றாடி ‘மன்னாடி’ ஆகாதா என்ன? இது என் ஊகம்தான். ஆனால், குன்னுவர்கள் காங்கேயம், தாராபுரம் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. காங்கேயம் மாடுகளுக்குப் பேர்போன பழையகோட்டைப் பட்டக்காரர்களுக்கும் ‘மன்றாடியார்’தான் பட்டம்.

நமக்கோ மன்றாடுவது என்றால் கெஞ்சுவது. மன்றத்தில் நின்று வழக்குப் பேசியது, கடைசியில் காலில் விழுவதாகிவிட்டது.

எங்கப்பா ஊரார் ஆடுகளை மேய்த்தவர். 1998-ல் காலேஜ் விண்ணப்பத்தில் ‘தகப்பனார் தொழில்’ என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்று எழுதினேன். எங்களுக்குக் காணி நிலம் கிடையாது. ‘‘என்னப்பா எழுதுன?’’ என்று கேட்டார். படித்துக் காட்டினேன். ‘‘ம்’’ என்றார். அந்த ‘ம்’ இன்னும் காதில் இருக்கிறது.

கவுஞ்சியில் சிக்னல் கிடைத்த ஒரு மேட்டில் நின்று அவருக்கு போன் போட்டேன். மன்றாடி, விளக்கு, நெய் எல்லாம் சொன்னேன். விண்ணப்பத்தில் பொய் எழுதியதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

‘‘தொண்ணூத்தாறு உருப்படியா? ஒத்த ஆளாவா மேய்ச்சான்? குட்டி போடுற நேரத்துல தொணைக்கு ஆள் வேணுமேப்பா...’’ என்றார்.